ஊறுகாய் ஊழலும் ஓட்டுக் காத்த விருந்தும்

மனிதகுலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு ஜனநாயகம். அதை அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக் கெஸ்ட்ரல் மாவட்டத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கட்டிக் காத்தவர் நாட்டு நலக் கட்சியின் மாவட்டத் தலைவி ஆர்டிஸ் டோலெஃப்சன். "ஒரு ஓட்டுகூட வீணாகக் கூடாது" என்பது அவர் தாரக மந்திரம். தேர்தல் நாளில் கட்சி ஆதரவாளர்களை வேனில் அள்ளிப் போய்ச் சாவடியில் கொட்டுவார். இம்முறை செனட் வேட்பாளர் கர்டிஸ் நீபூர் ஜெயித்தால், அவருடைய அலுவலகத் தலைமை நாற்காலி ஆர்டிஸுக்கு என்று பேரம் படிந்திருந்தது. நாற்காலிக்கு மெத்தைகூடத் தைத்தாயிற்று.

ஆகஸ்டில் வந்தது வினை. மாவட்டக் கண்காட்சியின் சமையல் போட்டியில் நீபூர் "குடும்பக் கைப்பக்குவம்" என்று வைத்த வெள்ளரி ஊறுகாய்க்கு முதல் பரிசு. நடுவரம்மாள் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கடை விலைச்சீட்டு! வரி ஏய்ப்பு என்றால் ஊர் மன்னித்திருக்கும், இது ஊறுகாய். கட்சி உடனே "ஊறுகாய் உண்மை அறியும் குழு" அமைத்தது. குழு பாட்டிலைத் தின்று தீர்த்துவிட்டு, தடயம் ஏதும் இல்லை என்று அறிவித்தது.

நவம்பரில் தேர்தல் அன்று காலை, பிரசார மேலாளர் ட்ரெவர் தொலைபேசியில் அலறினான்.

"மேடம், வேனை நிறுத்துங்க! நம்மாளுங்க அத்தனை பேரும் கொதிச்சுப் போயிருக்காங்க. கொண்டு போய் விட்டா எதிராளிக்குத்தான் குத்துவாங்க!"

"பத்தொன்பது வருஷமா ஓட்டுப் போடுங்கன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்கேன் தம்பி."

"இன்னிக்கு ஒரு நாள் சாப்பாடு போடுங்க. ராத்திரி எட்டு மணிக்குச் சாவடி மூடுற வரைக்கும்."

ஆர்டிஸ் சிந்தித்தார். ஜனநாயகம் என்பது மக்களின் விருப்பம். பசித்தவர் விருப்பம் சோறு. வேன்கள் கிளம்பின. நூற்றுப் பன்னிரண்டு ஆதரவாளர்கள் ஊர் மண்டபத்தில் இறங்கினார்கள். முன்பே ஓட்டுப் போட்டாயிற்றா என்று யாரையும் கேட்கவில்லை. அங்கே அதைக் கேட்பது, சம்பளத்தைக் கேட்பதைவிட அநாகரிகம்.

வேகவைத்த இறைச்சியும் உருளைக்கிழங்கும் தட்டுத் தட்டாக வந்தன. கடைசியாக எலுமிச்சைக் கேக். அதில்தான் ஆர்டிஸின் அரசியல் ஞானம். தட்டில் ஒற்றைத் துண்டு மிஞ்சினால் அந்த ஊரில் ஒருவரும் தொடமாட்டார். தட்டு காலியாகாமல் எழுந்திருப்பதும் மரியாதை இல்லை.

"நீ எடுத்துக்கோ டெலோரஸ்."

"ஐயோ, எனக்கு வயிறு முட்டிப் போச்சு. ஓர்வில் அண்ணன் எடுக்கட்டும்."

"பாதி வேணா எடுக்கிறேன்," என்றார் கிழவர் ஓர்வில் சுண்ட்பி. பாதி மிஞ்சியது. அதில் பாதியை இன்னொருவர் எடுத்தார். நாலரை மணிக்குத் துண்டு தபால்தலை அளவு. ஆறரைக்குக் கண்ணாடி போட்டால்தான் தெரியும். கட்சியின் முப்பத்தோரு தொண்டர்கள் காபி ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்தார்கள். தலைவியோடு சேர்ந்து ஏழு மணிக்கு ஊர்வலமாகப் போய், பத்திரிகைப் புகைப்படக்காரர் முன் வாக்களிப்பது அவர்கள் வழக்கம். ஆனால் விருந்தாளி இருக்கையில் விருந்து வைத்தவர் வெளியே போவதா? அந்த அளவு நாகரிகம் கெடவில்லை.

எட்டு மணி அடித்தது. ஆர்டிஸுக்குச் சிரிப்புப் பொங்கியது.

"அடடா, சாவடி மூடிட்டாங்களே! உங்க ஓட்டெல்லாம் போச்சே!"

"எங்க ஓட்டா?" என்றார் ஓர்வில். "இங்க யார் வேணா முன்கூட்டியே தபால்ல போடலாமே, நாங்கதான் செப்டம்பர்லயே போட்டுட்டோமேம்மா. கோபம் ஆறிடுமோன்னு பயந்து, தபால் ஓட்டு ஆரம்பிச்ச முதல் நாளே போட்டோம். நீ சோறு போடுறேன்னியே, சும்மா வந்தோம்."

"யாருக்குப் போட்டீங்க?" அவசரத்தில் அநாகரிகமாகக் கேட்டேவிட்டார்.

"அதை வாய்விட்டுச் சொல்ற ஊராம்மா இது? ஊறுகாயை மட்டும் யோசிச்சுப் பாரு."

கர்டிஸ் நீபூர் முப்பத்தோரு ஓட்டில் தோற்றார்.

மறுவாரம் கட்சி அறிக்கை வந்தது: "வேட்பாளர் மீது களங்கம் இல்லை. தேர்தல் நாளில் கடமை மறந்து, வயிற்றைப் பெரிதாக எண்ணி, வாக்களிக்காமல் இருந்த பொறுப்பற்ற குடிமக்களே தோல்விக்குக் காரணம்." அவர்களின் பெயர்ப் பட்டியலையும் தலைமை கேட்டிருந்தது. பட்டியலை ஆர்டிஸ் தன் பெயரில் தொடங்கினார். முப்பத்திரண்டு பெயர்களையும் அழகாகத் தட்டச்சு செய்து, மாவட்டத் தலைவி என்று கையெழுத்திட்டு அனுப்பினார். விலாசம் தேட வேண்டியிருக்கவில்லை; எல்லோரும் கட்சி உறுப்பினர்கள்.