அக்காவின் தோட்டத்தில் நான் வெட்டிய புல்

புலம்பெயர்ந்து வந்து ஸ்ரௌவ்வில் புறநகரில் வீடு வாங்கியவனுக்கு முதலில் பிடிக்கும் வருத்தம் புல்லு வருத்தம். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுப் புல் என்னுடையதைவிட ஒழுங்காக இருந்தால் சாப்பாடு இறங்காது. (மனைவி இதை மறுக்கவில்லை.)

போன கோடையில் பெர்லினில் இருக்கும் அக்காவிடம் போனேன். பெர்லின் என்றால் நடு நகரமல்ல, மேற்கு ஓரத்து ஸ்பாண்டவ். அங்கே அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒரு சங்கத்தில் பெயர் பதிந்து, நகர ஓரத்தில் துண்டுத் தோட்டம் வாடகைக்கு எடுக்கலாம். அக்கா ஏழு வருடம் காத்திருந்து எடுத்தவர். அது அவருடைய முதல் வருடம், சோதனைக்காலம். ஒழுங்கு தவறினால் பறித்துவிடுவார்கள்.

ஞாயிறு மத்தியானம் என்னைத் தோட்டத்தில் இருத்திவிட்டு அக்கா சாப்பாடு எடுத்துவரப் போனார். சுற்றிப் பார்த்தேன். இடுப்பளவு புல், இடையிடையே கண்டபாட்டுக்குப் பூ. பாவம், வெட்டிக் கொடுக்க ஆளில்லையாக்கும் என்று மனம் உருகிவிட்டது. கொட்டிலில் இருந்த புல் வெட்டும் மெசினை இழுத்து வந்தேன்.

பாதியில் ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா அடுத்த தோட்டத்திலிருந்து கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவர் மணிக்கட்டைத் தட்டி, மெசினைக் காட்டி, பிறகு தன் தோட்டக் குடிலைக் காட்டினார். 'என் பக்கம் எப்போது வருவாய்?' என்று கேட்கிறார் போலும். எங்கள் தெருவில் அயலவருக்கும் சேர்த்து வெட்டுவதுதான் மரியாதை.

"நோ ப்ரொப்ளம்!" என்று மெசினை அந்தப் பக்கம் தள்ளிப்போய் அவருடைய பூக்களையும் சரித்தேன்.

நிமிர்ந்தால், சாப்பாட்டுப் பையோடு அக்கா.

"டேய், என்னடா செய்தனி? உது தேனீக்கெண்டு நான் விதைச்ச பூவடா!"

"புல்லெண்டு நினைச்சன், அக்கா."

"ஞாயிற்றுக்கிழமை இஞ்ச மெசின் போடவே கூடாது. பக்கத்தில நிக்கிற உவதான்ரா சங்கத் தலைவி!"

அக்கா கையைப் பிசைந்தபடி ஜெர்மன் மொழியில் மன்னிப்புக் கேட்டார். அவருடைய ஏழு வருடத்தைப் பதினைந்து நிமிடத்தில் வெட்டிச் சாய்த்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. தலைவி என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ கேட்டார்.

"நீ எப்ப திரும்பிப் போறாயெண்டு கேக்கிறா. வியாழக்கிழமையெண்டு சொன்னன். அப்பதான் மூச்சு விட்டவ."

தோட்டம் தப்பியது. சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒரு வரி கூடியது: விருந்தாளிகள் மெசினைத் தொடக்கூடாது. அக்கா அதைப் படமெடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் நிறைந்த மல்வேர்னில் எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் மச்சான் என் தோளைத் தட்டி, "இவர் ஜெர்மனியில சட்டம் கொண்டுவந்த ஆள்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார். போன மாதம் ஓர் அன்ரி என்னை லோயர் என்று நம்பி, மகனின் குடிவரவு ஸ்பொன்சர் கேஸைப் பற்றி அரை மணித்தியாலம் ஆலோசனை கேட்டார்.