கால் பவர் கருணை

சிரிப்பு வரும். கட்டாயம் வரும். ஆனால் இப்போது இல்லை. அது ஒரு மூடிய கதவுக்குப் பின்னால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கதவு திறக்கிற அன்றைக்குத் தானே எழுந்து வரும். அதுவரை உதட்டை இறுக்கிக்கொண்டு கண்ணாடிக்காரரின் கோபத்தைப் பாருங்கள். டிக்கெட் போட்டுக் காட்ட வேண்டிய கோபம் அது.

தெருவில் அவருக்குக் குக்கர் என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கில் இரும்பு ஃபிரேமை மாட்டி, அதில் லென்ஸ் லென்ஸாகச் சொருகிக் கேட்பார்: “இதுல நல்லா தெரியுதா, அதுல நல்லா தெரியுதா?” ஏதாவது ஒன்றைச் சொன்னவர்கள் பிழைத்தார்கள். “ரெண்டும் ஒண்ணுதான்” என்றால் முதல் விசில். இன்னொரு தடவை “ரெண்டும் ஒண்ணுதான்” என்றால் இரண்டாவது விசில். மூன்றாவதற்குப் பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து, இவரை அடக்க முடியாது என்று தெரிந்தவராதலால், நாற்காலியில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு போவார்.

கோபத்தை விட்டுப் பார்த்தால் தொழிலில் மனிதர் புலி. ஒரு சூத்திரம் வைத்திருந்தார். பத்தொன்பது வருஷமாகச் சாப்பிடும்போதெல்லாம் அதை மனைவியிடம் சொல்லிக்கொண்டும் இருந்தார். புதுசாகக் கண்ணாடி போடுகிறவனுக்கு முதல் நாளே முழுப் பவரை மாட்டினால் தரை மேலே வரும், படி கீழே போகும், தலை சுற்றிக் கடை வாசலிலேயே விழுவான். கால் கால் பவராக ஏற்ற வேண்டும். ஏற்றுவதே அவனுக்குத் தெரியக் கூடாது. கடைசியில் “பிறந்ததிலிருந்தே எனக்கு இப்படித்தான் தெரியுது” என்று அவனே சொல்ல வேண்டும். “அதும்மா தொழில்” என்று முடித்துத் தட்டில் கையைக் கழுவுவார். மனைவி “ம்” என்பாள். அந்த ‘ம்’மை அவர் கவனித்ததே இல்லை. நீங்கள் கவனித்து வையுங்கள்.

அவள் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்தாள். முன்னறையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடும் வேலை. உள்ளே ஒருவன் வீடு இடிகிற மாதிரி கத்துவான். வெளியே இருக்கிறவன் எழுந்து ஓடப் பார்ப்பான். “ஒண்ணுமில்லைங்க, அவருக்குக் கூச்ச சுபாவம். நீங்க உள்ள வாங்க” என்று அவனைச் சிரித்த முகமாக உள்ளே அனுப்பிவிடுவாள். ஒரு ஆளும் தப்பியதில்லை.

இப்போது பின்னறை. வீட்டில் கொல்லைப்பக்கம் ஒரு அறை இருந்தது. தெருவழியாக வராமலேயே அதற்குள் நுழைய ஒரு பின்கதவும் உண்டு. யாரும் வாங்காமல் போன ஃபிரேம்களை நாற்பது அட்டைப்பெட்டியில் கட்டி அங்கே அடுக்கியிருந்தார் குக்கர். நடுவில் ஒரு பாய். கடைக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளை விட்டதும் அந்தப் பாய்க்கு வந்துவிடுவார். அரைமணி நேரத் தூக்கம். உலகத்தில் யாரோடும் சண்டை இல்லாத அரைமணி நேரம் அவருக்கு அது ஒன்றுதான்.

அந்த அறையைத்தான் மனைவி தன் தம்பிக்குக் கேட்டாள்.

தம்பி டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அவன் குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறார்கள், சீக்கிரம் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள், புது இடம் தயாராக ஆறு மாசம் ஆகும். நியாயமான கோரிக்கை. ஆனால் அவன் யார்? பதினைந்து வருஷமாகப் பிறர் ஓட்டும் காரில் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதித்தவன். பழக்கம் காலோடு ஒட்டிக்கொண்டது. எதிரே யாராவது வேகமாகப் பேசினாலே அவன் கால் தரையில் ‘டக்’கென்று மிதிக்கும். அதைக்கூடக் குக்கர் பொறுத்திருப்பார். நாலு வருஷத்துக்கு முன் அந்தப் பாவி கண் பரிசோதனைக்கு வந்து, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, பதினோரு லென்ஸுக்கும் “ரெண்டும் ஒண்ணுதான் மாமா” என்றான். பிறகு எழுந்து எதிர்க்கடையில் போய்க் கண்ணாடி வாங்கினான். அதைவிடக் கொடுமை, அதில் அவனுக்கு நன்றாகவும் தெரிந்தது.

மனைவி நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் குக்கர் அரைமணி நேரம் கத்தினார். கத்தி முடிக்கும்போது கேள்வி என்னவென்று இரண்டு பேருக்குமே மறந்திருக்கும். கோபத்தில் அதுதான் சௌகரியம். பதில் சொல்லவே வேண்டாம்.

ஐந்தாவது தடவை அவள் கேட்கவில்லை.

அந்த வாரத்தில்தான் கடையில் ஒருவரைப் பார்த்துக் குக்கர் மேஜையை ஓங்கி அடிக்க, சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகை கழன்று அவர் மண்டையிலேயே விழுந்தது. டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு மெஷினை மாற்றிப் பார்த்தார். இந்தக் கோபத்தைக் குறைக்காவிட்டால் கோபம் உங்களைக் குறைத்துவிடும் என்று சொல்லி, நூலகத்து மாடியில் ஒரு பிக்கு தியானம் சொல்லித் தருகிறார், போய்ப் பாருங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி பாத்திரத்தைத் துடைத்தபடியே சொன்னாள்: “உங்களுக்கெல்லாம் அது ஒத்துவராதுங்க.”

“ஏன் ஒத்துவராது?”

“அதுக்கு மனசு வேணும்.”

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குக்கர் நூலகத்து மாடியில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.

பிக்கு சின்ன உருவம். சின்னக் குரல். கோபத்தை விரட்டாதீர்கள் என்றார். யார் மேல் கோபம் வருகிறதோ அவருக்கும் பசிக்கும், முதுகு வலிக்கும், தூக்கம் வராது என்று நினைத்துப் பாருங்கள். நலமாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லுங்கள். முதலில் உங்களுக்கு, பிறகு பிரியமானவருக்கு, பிறகு யாரோ ஒருவருக்கு, எல்லாவற்றுக்கும் கடைசியில் கண்டாலே ஆகாதவருக்கு. இருபத்தொரு நாள் செய்து பாருங்கள். குக்கர் கையைத் தூக்கி, நேராகக் கடைசிக்குப் போனால் எத்தனை நாளில் முடியும் என்று கேட்டார். பிக்கு சிரித்துக்கொண்டே, அவசரம்கூடக் கோபத்தின் தம்பிதான் என்றார்.

தம்பி என்ற சொல் குக்கருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பொறுத்துக்கொண்டார்.

வீட்டில் வந்து யோசித்தார். யார் மேல் கோபம்? அத்தனை பேர் மேலும் கோபம். வரிசைப்படுத்த வரவில்லை. அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தார். மனைவியைக் கூப்பிட்டு, “இந்தாம்மா, நான் யார் யாரை மன்னிக்கணும்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு” என்றார்.

“மொத்தமா குடுத்தா மலைச்சுப் போயிடுவீங்க. தினம் ஒண்ணு குடுக்கிறேன்” என்றாள். பல் டாக்டரிடம் வீணாகக் கிடந்த பழைய அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு லென்ஸ் டப்பாவில் போட்டு வைத்து, தினமும் காலையில் காபியோடு ஒரு அட்டை கொடுத்தாள்.

முதல் அட்டை: ‘கிறீச்சிடும் மின்விசிறி நலமாகச் சுழலட்டும்.’ சுலபமாக இருந்தது. இரண்டாவது, அவர் ஸ்கூட்டர் சீட்டில் தூங்கும் பூனை. அதுவும் நடந்தது. நாலாவது நாள், மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிறவர்கள். அவர்களும் நலமாக இழுக்கட்டும் என்று விட்டுவிட்டார். தன் கருணையைப் பார்த்துத் தனக்கே கண்ணில் நீர் வந்ததாக மனைவியிடம் சொன்னார். “எனக்கும்தாங்க” என்றாள் அவள்.

ஆறாவது நாள் அட்டை கொஞ்சம் கனமாக இருந்தது: ‘பிடித்ததை விட்டுப் பழகு.’ எதை விடுவது என்று கேட்டார். அவள் ரொம்ப யோசிப்பவள் போல யோசித்து, அந்தப் பின்னறையைச் சொன்னாள். இருபத்தொரு நாள் முடியும்வரை அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. மதியத்தில் முன்னறையில் உட்கார்ந்து தியானம் பண்ணலாம். சாவி அவளிடமே இருக்கட்டும். குக்கர் ஒரு பெருமூச்சு விட்டு, அரசாட்சியைத் துறக்கிறவர் போலச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ஏழாவது நாள் வாசலில் பெரிய செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. விசில் தொண்டைவரை வந்துவிட்டது. அட்டையைப் பார்த்தார்: ‘யார் செருப்பாக இருந்தாலும் அதற்கும் ஒரு வாசல் வேண்டும்.’ ஆகா, எவ்வளவு ஆழமான கருத்து. செருப்பை நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

ஒன்பதாவது நாள் குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. அட்டை சொன்னது: ‘எனக்கு முன்னால் குளிக்கிறவர் நன்றாகக் குளிக்கட்டும்.’ மனைவியோ சமையலறையில் நின்றாள். அப்படியானால் உள்ளே குளிப்பது யார் என்று கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். குக்கருக்கோ அது தத்துவமாகப் பட்டது. நமக்கு முன்னால் எத்தனை பேர் குளித்துப் போனார்கள் இந்த உலகத்தில் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கால்மணி நேரம் நின்றார். பதினோராவது நாள் தியானத்தில் இருக்கும்போது பின்னாலிருந்து குறட்டை கேட்டது. ‘கேட்கிற சத்தமெல்லாம் ஓர் உயிரின் மூச்சே’ என்றது அட்டை. குறட்டையோடு சேர்ந்து மூச்சு விட்டுப் பார்த்தார். பிரமாதமாக ஒத்துப்போனது.

கடையில் நிலைமை வேறு. “ரெண்டும் ஒண்ணுதான்” என்ற ஒரு மனிதரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்கள் ஒரு முட்டாள், ஆனால் உங்கள் முட்டாள்தனமும் நலமாக இருக்கட்டும் என்று வாழ்த்தினார். அவர் கையை விடுவித்துக்கொள்ள ரொம்ப நேரம் ஆனது. மருந்துக்கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லி அழுதார்: “முன்னாடி திட்டுவாரு, துடைச்சுட்டுப் போயிடலாம். இப்ப உட்கார வெச்சு மன்னிக்கிறாருங்க. எழுந்திரிக்கவே விட மாட்டேங்கிறாரு.”

பதினைந்தாம் நாள் எதிர்க்கடைக்காரரை மன்னித்தார். பதினெட்டாம் நாள், ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொல்லும் மனித இனம் முழுவதையும் மன்னித்தார். இருபத்தொன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி அட்டை வந்தது. இரண்டே சொல். ‘என் தம்பி.’

குக்கர் கண்ணை மூடினார். முதலில் பதினோரு லென்ஸும் வரிசையாக வந்து நின்றன. பிறகு பிக்கு சொன்னது ஞாபகம் வந்தது. அவனுக்கும் முதுகு வலிக்கும். நாள் முழுக்கத் தெரியாதவன் ஓட்டும் காரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்காருகிறவன். சுருட்டிய மெத்தையோடு அவன் தெருவோரத்தில் நிற்பது போலத் தெரிந்தது. குக்கருக்கு நிஜமாகவே நெஞ்சு கரைந்தது. அந்த ஒரு நிமிஷம் நிஜம். அதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். அடுத்த நிமிஷம், அப்படிக் கரைந்த நெஞ்சை நினைத்து அவருக்குத் தாங்க முடியாத பெருமை வந்துவிட்டது.

மனைவியைக் கூப்பிட்டார்.

“உன் தம்பி இங்க வந்து இருக்கட்டும். பின்னறையைக் குடுத்துட்டேன். எனக்கு நன்றியெல்லாம் சொல்ல வேண்டாம்.”

அவள் முகத்தில் மகிழ்ச்சியே இல்லை. “வேண்டாங்க” என்றாள்.

“என்ன வேண்டாம்?”

“உங்க மதியத் தூக்கம் என்னாகிறது? அவன் குறட்டை வேற விடுவான். பெரிய பெரிய செருப்பு. காலையில குளியலறைக்குள்ள போனா வரமாட்டான். உங்களால தாங்க முடியாதுங்க.”

“செருப்பையும் குறட்டையையும் இருபத்தொரு நாளா மன்னிச்சவன்கிட்டயா சொல்றே?”

“இருந்தாலும் வேண்டாம். அதுக்கெல்லாம் மனசு வேணும்.”

மூன்று வாரமாக அடைத்து வைத்திருந்த நீராவி அத்தனையும் ஒரேயடியாக மேலே ஏறியது. சொந்தத் தம்பி தெருவில் நிற்கிறான், இவளுக்கு இரக்கமே இல்லையா என்று குக்கர் கத்தினார். மேல்வீட்டில் நாற்காலி இழுப்பது நின்றது. கூடப் பிறந்தவளே இப்படி இருந்தால் உலகத்தில் கருணை எங்கே இருக்கும் என்று இன்னொரு விசில் அடித்தார். வீட்டுக்குள் எங்கேயோ ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. அதையும் போகிற போக்கில் மன்னித்துவிட்டு, “அவன் இங்கதான் இருப்பான். இன்னிக்கே இருப்பான். யார் தடுக்கிறான்னு பார்க்கிறேன்” என்றார்.

“உங்க கோபத்துக்கு யார் எதிர நிக்கிறது” என்று அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். “உங்க இஷ்டம்.”

ஜெயித்துவிட்டார். நாற்பது பெட்டியையும் தானே தூக்கி அடுக்குவதென்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய், பின்னறைக் கதவைத் திறந்தார்.

பெட்டிகள் நாற்பதும் ஒரு கட்டிலுக்கு அடியிலும் சுவரோரமும் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஜன்னலில் நீலத் திரை. கட்டில்மேல், எதிர்க்கடைக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, மச்சினன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

“வாங்க மாமா” என்றான்.

“எப்படா வந்தே?” என்றார் குக்கர்.

“இன்னியோட பதினாறு நாள் மாமா. தினம் காலையில எனக்காக நீங்க தியானம் பண்றீங்கன்னு அக்கா சொல்லிச்சு. ரொம்ப நன்றி மாமா.”

செருப்பு. குளியலறை. குறட்டை. ஒவ்வொன்றாக இரும்பு ஃபிரேமுக்குள் வந்து விழுந்தன. கடைசி லென்ஸும் விழுந்தபோது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். வாய் திறந்தது. விசில் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

“முதல் நாளே முழுப் பவரை மாட்டினா தலை சுத்தி வாசல்லயே விழுவாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க. அதான் கால் காலா ஏத்தினேன்” என்றாள் அவள். அவர் கையிலிருந்த கடைசி அட்டையை வாங்கி லென்ஸ் டப்பாவில் போட்டு மூடினாள். “இப்பச் சொல்லுங்க. அறை முன்னாடி இருந்தது நல்லா தெரியுதா, இப்ப இருக்கிறது நல்லா தெரியுதா?”

குக்கர் கட்டிலைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிரேக் மிதிக்கத் தயாராக, தரைக்கு ஒரு விரற்கடை மேலே நின்ற மச்சினன் காலைப் பார்த்தார்.

“ரெண்டும் ஒண்ணுதான்” என்றார்.