பாடி ஒரு கம்பெனி, லென்ஸ் ஒரு கம்பெனி

அவிநாசிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளை லிங்கசாமிக்கு, மச்சான் தங்கதுரை எழுதுவது. நானும் உங்கள் அக்கா அமராவதியும் சுகம். சிங்கப்பூரில் உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது. போனில் சொன்னால் சிரிப்பீர்கள் என்றுதான் எழுதி, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மகள் தமிழ்மதி என்னோடு பேசுவதில்லை. நீங்கள் அனுப்பிய கேமரா லென்ஸ்தான் காரணம்.

அவள் தைக்கும் குழந்தை உடுப்புக்கு வந்த முதல் ஆர்டர், செல்போன் படத்தைப் பார்த்ததும் நின்றுபோனது. "துணி அட்டையாட்டத் தெரியுதுங்க, மாசக் கடைசிக்குள்ள வேற படம் அனுப்புங்க" என்றுவிட்டார் ஆர்டர் கொடுத்த பையர். லென்ஸைத்தான் தாய்மாமன் அனுப்பிவிட்டாரே, அதை மாட்டுகிற கேமரா பாடியை நான் வாங்கி வருகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு திருப்பூர் போனேன். கடைக்காரர் எடுத்த எடுப்பில், "எந்த சிஸ்டத்துக்குப் போறீங்க?" என்றார். "கம்ப்யூட்டர் சிஸ்டம் ஊட்லயே இருக்குதுங்க, பில்லுப் போட வாங்குனது. கேமரா மட்டும் குடுங்க" என்றேன். "உங்க லென்ஸ் எந்தக் கம்பெனிங்க?" "எதா இருந்தா என்னங்க? பனியன்ல பாடி ஒரு கம்பெனி வெட்டுது, கை இன்னொரு கம்பெனில இருந்து வருது. ஓவர்லாக் மிஷின்ல குடுத்தா ஒட்டிக்குதுங்களே!" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "மவுண்ட், அதான் லென்ஸ் மாட்டுற வாய், ஒண்ணா இருக்கோணுங்க" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளாமல், கையடக்கமாக இருந்த ஒன்றை வாங்கி வந்தேன்.

வீட்டில் வந்து பார்த்தால் பாடியின் வாய் வேறு, லென்ஸின் அடி வேறு. நான் இடமும் வலமும் திருக, "ஐயோ அப்பா, ஒடஞ்சிரும்!" என்று தமிழ்மதி கத்த, உங்கள் அக்கா நிதானமாகக் கிண்ணத்தோடு வந்து, "வளையலே ஏறுது, இது ஏறாதாக்கும்?" என்று தேங்காய் எண்ணெயைத் தடவினாள். லென்ஸ் ஏறவில்லை. எண்ணெய்தான் முன் கண்ணாடிவரை ஏறியது. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனசே கேட்கவில்லை மாப்பிள்ளை. அவளுடைய முதல் ஆர்டர் என் வாயால் போவதா? அந்த லென்ஸுக்குப் பொருந்துகிற பாடி ஒன்றை உடனே வாங்கி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

சிவன்மலை ஆண்டவர் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார்.

இப்படிக்கு,
மச்சான் தங்கதுரை

பி.கு.: இதை அனுப்ப மறந்ததும் நல்லதாயிற்று. பாடி வேண்டாம். கடைக்காரரே கூப்பிட்டார். இரண்டுக்கும் நடுவில் மாட்ட ஒரு ரிங் உண்டாம், அடாப்டராம். நம் பாஷையில் காலர். மாட்டினோம், ஒட்டிக்கொண்டது. நான் என்ன சொன்னேன்? படம் போனது, ஆர்டரும் உறுதியாகிவிட்டது. தமிழ்மதி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள். "துணி பஞ்சாட்டத் தெரியுதுங்க, அது என்ன லென்ஸ்?" என்று பையர் கேட்கிறார். கண்ணாடியில் இருந்த எண்ணெயை நாங்கள் துடைக்கவே இல்லை. அக்கா இப்போது கிண்ணத்தைக் கேமராப் பையிலேயே வைத்திருக்கிறாள்.