சூரியனுக்கு எந்த ‘ர’?

பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். நாம் தெருப் பக்கம் பார்க்காமல் இருந்தால் போதும். வெளிச்சம் வாங்கினால் என்ன செய்வது? அது ஜன்னல் வழியாக நம் வீட்டுக்குள்ளேயே வந்து விழுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். கிழக்குத் தாம்பரத்தில் எங்களுக்கும் ஞானராஜ் சாருக்கும் நடுவில் ஒரே ஒரு காம்பவுண்டு சுவர். அவருக்கு ஒரு அரசாங்க ஆபீஸில் வேலை. நான் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கிளார்க். ஒருநாள் அவர் இரண்டு விண்ணப்பத்தாளோடு வந்தார்.

“மொட்டைமாடியில தகடு வச்சு வெயில்லேர்ந்து கரண்ட் எடுக்கலாமாம் சார். கவர்மென்ட் மானியம் தருது. சேர்ந்தே போடுவோமா?”

“வெயில்ல வடாம் காய வைக்கலாம் சார். கரண்ட்டாவது, எடுக்கறதாவது!” என்றேன். (என் ஜோக்குக்கு நானே அரை மணி நேரம் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.)

நாலு மாதத்தில் அவர் மாடியில் தகடு ஏறியது. அந்தக் கோடையில் தினமும் சாயங்காலம் கரண்ட் போகும். தெருவே இருட்டு, அவர் ஹாலில் மட்டும் டியூப்லைட் எரியும். தெருப் பிள்ளைகள் எல்லாம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள், என் மகள் சுதா உட்பட. என் மனைவி கமலாவும் அரிசி முறத்தோடு கிளம்பிவிடுவாள். நான் மட்டும் மெழுகுவத்தி முன்னால் வயிறெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். (அந்த எரிச்சலுக்கு யாராவது மானியம் கொடுத்திருந்தால் பம்மல் வரைக்கும் நானே கரண்ட் சப்ளை செய்திருப்பேன்.)

ரகசியமாக நானும் விண்ணப்பித்தேன். ‘இவ்வாண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது’ என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான் புத்தி கெட்டது. மானியத்தில் வாங்கிய விளக்கைக் காட்டி ஞானராஜ் பிள்ளைகளிடம் காசு வசூலிக்கிறார் என்று அதே அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டேன். கையெழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். (புத்திசாலி!)

இரண்டு வாரம் ஓடியது. ஒரு சாயங்காலம் மெழுகுவத்தியும் தீர்ந்துபோக, வெட்கத்தை விட்டு நானும் பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சற்று நேரத்தில் மானியம் தரும் அந்த அலுவலகத்திலிருந்து கையில் ஃபைலோடு ஒரு பெண் அதிகாரி வந்தார்.

“ஞானராஜ்ங்கறது?”

“நான்தான் மேடம். உக்காருங்க.”

“உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. இந்தப் பசங்ககிட்ட எவ்வளவு வாங்கறீங்க?”

அவர் வாயைத் திறப்பதற்குள் சுதா முந்திக்கொண்டாள். “அங்கிள் ஒண்ணும் வாங்க மாட்டாரு ஆன்ட்டி. முறுக்குதான் குடுப்பாரு.”

அதிகாரி கடிதத்தை நீட்டினார். அதை வாங்கிப் படித்த ஞானராஜ் சார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அரசாங்க உத்தியோகம், இப்படி ஒரு புகார் வேலைக்கே உலை வைத்துவிடும். அது எனக்கு அவர் உட்கார்ந்த விதத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

சுதா அவர் தோள் வழியாக எட்டிப் பார்த்தாள். “அங்கிள், ‘சூறிய விளக்கு’ன்னு போட்டிருக்கு! சூரியனுக்குச் சின்ன ‘ர’தானே? எங்கப்பா மாதிரியே பெரிய ‘ற’ போட்டிருக்காங்க!”

அதிகாரி ஃபைலில் எங்கள் தெரு விண்ணப்பங்களைப் புரட்டி ஒரு தாளை உருவினார். என் விண்ணப்பம். அதிலும் சூறியன்தான். கையை மாற்றியவன் எழுத்துப்பிழையை மாற்ற மறந்துவிட்டேன்.

“சார் பேரு?” என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. கமலாவின் கை முறத்தில் அப்படியே நின்றது.

ஞானராஜ் சார் என்னைப் பார்த்தார். பிறகு கடிதத்தை நாலாக மடித்து அதிகாரியிடம் கொடுத்தார். “பேரில்லாத லெட்டர்தானே மேடம், விட்டுடுங்க. அடுத்த வருஷமாவது சாருக்கு ஒரு லைட் கிடைக்க வழி பண்ணுங்க.”

நாலு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை போய் மன்னிப்புக் கேட்டேன். “காபி சாப்பிடுங்க சார்” என்றார், அவ்வளவுதான். குடித்துக்கொண்டே மறுபடியும் பொறாமைப்பட்டேன்: இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு நல்ல மனசு?

அடுத்த வருடம் எங்கள் மாடியிலும் தகடு ஏறியது. சுதா எங்கள் ஹாலிலேயே படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனால் இன்றைக்கும், அவளும் மாப்பிள்ளையும் வந்திருக்கும்போது நான், “அந்த எதிர் வீட்டுக்காரனைப் பாத்தியா…” என்று ஆரம்பித்தால் போதும், கமலா உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள்: “சுதா, வீட்ல இருக்கற பேனாவையெல்லாம் பீரோல வச்சுப் பூட்டு!”

மாப்பிள்ளை தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டுகிறார்.