அக்கா தலையாட்டியதும் நான் பேட்டரி மிச்சம் பிடித்ததும்

யாரிடமும் முறையாகப் படிக்காமல் தானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவனை வீட்டில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எல்லா பட்டனையும் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தவன் என்பதால், தனக்கு எல்லாம் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். அமுக்கியதால் என்ன ஆனது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. இதைப் பொதுவாகச் சொல்லவில்லை. என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். சொந்தமாக ஒரு லேப்டாப் இருந்தது (செகண்ட் ஹேண்ட்தான், பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு போனால் யாருக்குத் தெரியப்போகிறது). தெருவில் யாருக்கு ஆதாரில் பெயர் தப்பாக வந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். "கம்ப்யூட்டர்னா எங்க குமாரு தண்ணி பட்ட பாடு" என்று அம்மா சொல்லும்போது நான் தரையைப் பார்ப்பேன். பையனுக்கு எவ்வளவு அடக்கம் என்று வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

என் அக்கா தமிழ்ச்செல்விக்குக் கல்வராயன் மலையில் டீச்சர் வேலை. வெள்ளிமலைக்குப் பக்கத்தில், தகர ஷீட் போட்ட ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தவள், சின்னசேலத்து அருளின் போட்டோவைப் பார்த்து மட்டும் "பரவால்ல" என்றாள். அக்கா வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது. போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அம்மா அதைக் கவனித்துவிட்டு, அன்றைக்கே குலதெய்வத்துக்கு ஒரு முடிச்சு முடிந்து வைத்தாள்.

அருளுக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்ப்பது, செவ்வாய்க்கிழமை விமானம். விட்டால் அடுத்த லீவுக்குத்தான் வருவார். அதுவரை அவருடைய அம்மா சும்மா இருக்க மாட்டார் என்பதற்கு அத்தாட்சியாக, அதே ஞாயிறு சாயங்காலம் திருக்கோவிலூரில் இன்னொரு பெண்ணையும் பார்ப்பதாக ஏற்பாடு.

அக்காவை அழைத்து வர சனிக்கிழமையே பைக்கில் மலை ஏறினேன். லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனேன் (அது இல்லாமல் நான் மளிகைக் கடைக்குக்கூடப் போகாத காலம்). சாயங்காலம் அதிலேயே படம் பார்த்தேன். மழை பிடித்தது. காலையில் எழுந்தால் கரண்ட் இல்லை, மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் இல்லை, பைக்கும் போக வழியில்லை. அக்கா பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தாள். அவள் பின்னாலேயே நானும் நடந்தேன். அந்த அறையில் இரண்டு பேர் நடக்க இடம் கிடையாது. திரும்பும்போதெல்லாம் முட்டிக்கொண்டோம்.

"இன்னாடா பண்றது? அவுங்க வந்துக்கினு இருப்பாங்கடா."

"வீடியோ கால்ல பாக்கட்டும்கா. நான் இருக்கேன் இல்ல?"

அந்தக் கடைசி மூன்று வார்த்தைகளை இன்றைக்கும் என் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுகிறார்கள்.

அக்காவின் போனுக்கு ஜன்னல் கட்டையில் மட்டும் ஒரு கோடு டவர் கிடைக்கும். என் போன் கம்பெனி அந்த மலையைப் பார்த்ததே இல்லை. ஆகவே அக்காவின் போனை ஜன்னலில் நிறுத்தி, அதிலிருந்து லேப்டாப்புக்கு நெட் எடுத்து, பிரவுசரில் மீட்டிங் லிங்க் போட்டேன். எல்லாம் சரியாக வந்தது. மூலையில் பார்த்தேன். முப்பத்தொரு சதவீதம் சார்ஜ். பழைய பேட்டரி, முப்பத்தொன்று என்று காட்டினால் அதில் பாதி பொய்.

அப்போதுதான் என் மேதைமை விழித்துக்கொண்டது. பிரவுசர் செட்டிங்கில் பவர் சேவிங் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆன் செய்தால், பின்னால் திறந்திருக்கும் பக்கங்கள் தூங்கிவிடும், அலங்கார ஆட்டபாட்டமெல்லாம் குறையும், பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். ஏதாவது படிக்கும்போதோ டைப் அடிக்கும்போதோ தங்கமான வசதி, பொய் சொல்லக் கூடாது. ஆன் செய்தேன். மேலே ஒரு குட்டி இலை முளைத்தது. அதன் கீழேயே, வீடியோ ஓட்டத்தைக் குறைக்கும், கேமரா எடுக்கும் படங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்று எழுதியும் இருந்தது. படித்தேனா என்றால், படிக்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

கள்ளக்குறிச்சி வீட்டில் அருளின் போனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில் அருளின் அம்மா. பக்கத்தில் அருளின் தாய்மாமன் ராமலிங்கம், சட்டைப் பையில் மூன்று பேனாவோடு. ஓரத்தில் பாதி அருள். பின்னால் கேசரித் தட்டோடு எங்கள் அம்மாவின் கை.

"இன்னாப்பா அங்க, பொரி வறுக்கிறீங்களா?" என்றார் ராமலிங்கம். மழை தகரத்தில் கொட்டுகிற சத்தம் அப்படிக் கேட்டிருக்கிறது.

"மழைங்க மாமா."

"காது அடைக்குது. அத நிறுத்துப்பா. நாங்க கேக்கிறோம், பொண்ணு தலையாட்டுனா போதும். பொண்ணு பாக்கிறப்ப எந்தப் பொண்ணு வாயத் தொறந்து பேசுது?"

நியாயமாகத்தான் பட்டது. மைக்கை அணைத்தேன் (அதிலும் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் என்று ஒரு சந்தோஷம்).

"மீன் கொழம்பு வைப்பியாம்மா?" என்று அருளின் அம்மா ஆரம்பித்தார். அக்கா தலையாட்டினாள்.

நம் ஊரில் பெண்கள் சரி என்பதற்குத் தலையாட்டுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மேலும் கீழும் இல்லை. பக்கவாட்டில், லேசாகச் சாய்த்து, கொடியில் காயும் துணி காற்றில் அசைவதுபோல ஓர் அசைவு. அதில் சரியும் இருக்கும், வெட்கமும் இருக்கும், 'இதையெல்லாமா கேட்பீர்கள்' என்பதும் இருக்கும். அத்தனையும் அந்தச் சாய்வில்தான். என் பவர் சேவர் சாய்வை எல்லாம் வீண் செலவு என்று வெட்டிவிட்டு, வலது கோடி, இடது கோடி இரண்டை மட்டும் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பியது. அங்கே தெரிந்தது இதுதான்: வெடுக், வெடுக். அதாவது, வைக்க மாட்டேன்.

இது எதுவும் தெரியாமல் நான் சதவீதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு. என்ன ஒரு சிக்கனம்.

"கல்யாணத்துக்கப்புறம் வேலைய வுட வேணாம், நாங்க ஒன்னும் சொல்ல மாட்டோம். சரிதானே?"

வெடுக், வெடுக்.

"என்னய உன் அம்மா மாதிரி பாத்துப்பியா கண்ணு?"

அதற்கு அக்கா உருகிப்போய், வழக்கத்தைவிட வேகமாகத் தலையாட்டினாள். அருளின் அம்மா முகம் அப்படியே நின்றுபோனது. "நெட்டு மாட்டிக்கிச்சுக்கா" என்று அக்காவுக்கு விளக்கம் சொன்னேன். நெட் நன்றாகத்தான் இருந்தது. முகம்தான் நின்றுபோயிருந்தது.

கடைசியாக ராமலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நேரா கேட்டுர்றேம்மா. எங்க அருள உனக்குப் புடிச்சிருக்கா?"

அக்கா தலையைக் குனிந்து, சிரித்து, என்றைக்கும் இல்லாத ஒரு சாய்ப்புச் சாய்த்தாள். பார்த்த எனக்கே கண் கலங்கியது. அந்தப் பக்கம் அருள் எழுந்து நிற்பது தெரிந்தது. யாரோ போனை எடுத்தார்கள். கால் முடிந்தது.

"பாத்தியாக்கா, இன்னும் பதினேழு இருக்கு" என்றேன். உலகத்திலேயே அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தவன் நானாகத்தான் இருக்கும்.

ஜன்னலில் போன் அடித்தது. அம்மா. எங்கள் அம்மாவுக்குப் பேச டவர் தேவையில்லை, அப்படியே கத்தினாலும் மலைக்குக் கேட்டிருக்கும்.

"ஏண்டி, புடிக்கலன்னா என்னாண்ட சொல்லக் கூடாதா? வந்தவங்கள வச்சிக்கினு எதக் கேட்டாலும் இல்ல இல்லன்னு பேய் புடிச்ச மாதிரி ஆட்டுற. அந்தம்மா கேசரிய அப்டியே வச்சிட்டு எழுந்துட்டாங்க. திருக்கோவிலூருக்குக் கெளம்பிட்டாங்கடி."

அக்கா போனை இறக்கினாள். என்னைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள்.

"அந்த எல இன்னாடா?"

அந்த இலையின் மேல் அம்புக்குறியை வைத்தேன். அங்கே எழுதியிருந்ததை முதல் முறையாகப் படித்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன். அக்கா என்னை அடிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பட்டுப்புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்தாள். "எனக்கு அவர புடிச்சிருந்துச்சிடா" என்றாள். இந்தத் தடவை 'பரவால்ல' என்று சொல்லவில்லை. அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

அம்மாவிடம் ராமலிங்கத்தின் நம்பர் வாங்கிப் போட்டேன். கார் தியாகதுருகத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"மாமா, அது பேட்டரிக்காக நான் ஒன்னு போட்டேன், அதுல தல..."

"தம்பி, நாலு கேள்வி கேட்டோம், நாலுக்கும் இல்லன்னுச்சி. எங்களுக்குக் கண்ணு இருக்கு. இஷ்டம் இல்லாத பொண்ண மெரட்டித் தள்ளிவுடப் பாக்காத."

அக்கா போனைப் பிடுங்கினாள். "மாமா, எனக்கு சம்மதங்க."

"பக்கத்துல ஒன் தம்பி நிக்கிறானாம்மா?"

"நிக்கிறாங்க."

"அதான். அவன் சொல்லச் சொல்லிச் சொல்ற." பின்னால் அருள் ஏதோ சொன்னார். "சரி, அருளு ஒரு தடவ பாக்கலாம்ங்கிறான். வண்டிய ஓரங்கட்டுறோம். மூஞ்சக் காட்டிச் சொல்லட்டும்."

சார்ஜ் எட்டு சதவீதம். அணைத்து வைத்திருந்த பவர் சேவிங் பக்கம் என் கை தானாகப் போனது. அக்கா ஸ்கேலால் போட்டாள்.

மழை இன்னும் பொரி வறுத்துக்கொண்டிருந்தது, லேப்டாப்பில் பேசினால் கேட்காது. தலையை இனி ஒருவரும் நம்ப மாட்டார்கள். அக்கா டீச்சர் இல்லையா, சார்ட் அட்டையை இழுத்து மார்க்கரால் பெரிதாக 'சம்மதம்' என்று எழுதி, கால் வருவதற்கு முன் ஒத்திகையாகக் கேமரா முன்னால் பிடித்தாள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. திரையில் எங்கள் படம் தெரியும் சின்னக் கட்டத்தைப் பார்த்தேன். எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாறியிருந்தது.

"அய்யோ அக்கா, திரும்பித் தெரியுது. மாத்தி எழுது."

நமக்கு மட்டும்தான் அப்படித் தெரியும், அடுத்தவருக்குச் சரியாகத்தான் போகும் என்பது டைப்பிங் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அக்கா என்னை நம்பி, அட்டையின் மறுபக்கத்தில் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் முதுகு திருப்பி எழுதினாள். "ரெண்டாம் கிளாஸ் புள்ள இப்டி எழுதுனா முட்டி போட வைப்பேன்டா" என்று முனகிக்கொண்டே எழுதினாள்.

கால் வந்தது. அக்கா அட்டையைத் தூக்கினாள். கார் சீட்டில் இருந்து ராமலிங்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது இன்னாடா பாஷ? தெலுங்கா?"

"பொண்ணு டீச்சர்னு சொன்னாங்களே" என்று அருளின் அம்மா குரல் கேட்டது.

நான்கு சதவீதம். அக்கா அட்டையை இறக்கவில்லை. திடீரென்று படம் ஆடியது. கார் கூரை தெரிந்தது, ஸ்டியரிங் தெரிந்தது. அருள் போனை வாங்கி, டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கிற கண்ணாடிக்கு நேரே திருப்பிப் பிடித்திருந்தார். அந்தக் கண்ணாடிக்குள் அவருடைய இரண்டு கண்கள் மட்டும். அவை இடமிருந்து வலமாக நகர்ந்தன. "ச... ம்... ம..." என்றார்.

லேப்டாப் அணைந்துவிட்டது.

பிறகு ஜன்னல் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். போனைத் தொட்டால் அந்த ஒரு கோடும் போய்விடுமோ என்று பயம். அக்கா நகத்தைக் கடித்தாள். என் நகத்தை நான் எப்போதோ முடித்திருந்தேன். போன் அடித்ததும் இரண்டு பேரும் பாய்ந்து முட்டிக்கொண்டோம்.

"தம்பி," என்றார் ராமலிங்கம், "வண்டிய உங்க வூட்டுக்கே திருப்பிட்டோம். அந்தக் கேசரிய எடுத்து வைக்கச் சொல்லு. ஆமா, நீ டைப்பிங் கடைலதான் வேல பாக்குற?"

"ஆமாங்க மாமா."

"எங்க வூட்டுப் பத்திரிக்கைய மட்டும் நீ அடிச்சிடாத."

பத்திரிகையை விழுப்புரத்தில் கொடுத்து அடித்தார்கள். அருள் எனக்கு மச்சான் ஆனார். கூடவே ராமலிங்கம் மாமா எங்கள் குடும்பத்துக்கு ஒரு சட்டமும் போட்டார்: இனி எந்தப் பெண் பார்த்தாலும், பெண் வாய் திறந்துதான் சம்மதம் சொல்ல வேண்டும்.

அந்தச் சட்டத்தில் முதலில் மாட்டியது நான்தான். எனக்காக நைனார்பாளையத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனோம். பெண் குனிந்து, பக்கவாட்டில் லேசாக ஒரு சாய்ப்புச் சாய்த்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. மாமா கையைக் காட்டினார்.

"அது செல்லாதும்மா. எங்க வூட்ல தலைய ஏத்துக்கறதில்ல. வாயால சொல்லு."

அந்தப் பெண் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தது. பிறகு சொன்னது.

"வேணாங்க."

தீபாவளிக்கு தீபாவளி மச்சான் மஸ்கட்டில் இருந்து வந்ததும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்து இதைத்தான் சொல்கிறார். முடிக்கும்போது என் தோளைத் தட்டி, "பாவம் குமாரு, அந்தப் பொண்ணு ஒரு எழுத்துகூட கட்டாவாம சொல்லிச்சி" என்பார்.