இருபதும் இருபதும்

இன்ஸ்பெக்டரின் வில்வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டிவிட்டது. சங்கரலிங்கம் வாத்தியாரோ இன்னும் இரவல் பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளியில் உள்ளதே பன்னிரண்டு பேர். இருபது தலை இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள். பதினோரு வருஷமாகக் கட்டிக் காத்த பள்ளி, மனுஷர் என்னதான் செய்வார்? அடுத்த ஊர் வாத்தியாருடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். நேற்று அங்கே சோதனை. இவர் தம் பன்னிரண்டு பேரை அனுப்பினார். இன்று இங்கே, அவர் தம் எட்டுப் பேரை அனுப்பியிருந்தார்.

"ஏலே, நீ சுருளியாண்டி. மறந்துறாத."

"நான் பால்பாண்டி சார்."

"இன்னைக்கு மட்டும் சுருளியாண்டி."

இன்ஸ்பெக்டர் வந்து ஆஜர் எடுக்கும்போது, "சுருளியாண்டி" என்றதும் மூன்று பேர் எழுந்தார்கள்.

"சாமி பேரு சார், இங்கன வீட்டுக்கு ஒண்ணு இருக்கும்," என்று வாத்தியார் சமாளித்தார்.

இன்ஸ்பெக்டர் பால்பாண்டியை உற்றுப் பார்த்தார். "உன்னை நேத்து அடுத்த ஊர்ல பார்த்தேனே?"

"அது இவன் சின்னம்மா மகன் சார். ரெண்டும் ஒரே சாடை."

"அந்தப் பொண்ணு?"

"அவளுக்கும் சின்னம்மா அங்கனதான் சார்."

இன்ஸ்பெக்டர் இருபது முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். இத்தனை சின்னம்மாக்களை அந்த ஊர் தாங்காது என்று வாத்தியாருக்கே தோன்றியது.

"சரி, ஒரு மனக்கணக்கு. நேத்து அந்த ஊர்ப் பள்ளியில இருபது பிள்ளைகளைப் பார்த்தேன். இன்னைக்கு இங்க இருபது. மொத்தம் எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கேன்?"

வாத்தியார் இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று நாலு விரலைக் காட்டினார். "நாப்பது" என்று பள்ளியே முழங்கியது. வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டாம் வகுப்பு மொக்கம்மாள் மட்டும் எழுந்து நின்றாள். "இருபது சார்."

"எப்படி?"

"நேத்து நாங்க அங்கன போனோம். இன்னைக்கு அவுக இங்கன வந்திருக்காக. அதே ஆளுகளை ரெண்டு தரம் எண்ணக் கூடாதுல்ல?"

வாத்தியார் காட்டிய விரல்களை மடக்கிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்தார். ஏதோ எழுதிக் கிழித்துத் தம் சேவகன் ஒச்சாண்டியிடம் கொடுத்துவிட்டு வண்டியேறினார். பதினோரு வருஷமும் போச்சு என்று வாத்தியார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒச்சாண்டி சீட்டை நீட்டினான். 'கணக்கு மிக நன்று. பள்ளி தொடரலாம்.'

வாத்தியார் அதை மூன்று முறை படித்தார். "குட்டு உடைஞ்ச பிறகுமா இப்படி எழுதியிருக்காக?"

"ஆறு ஊரா ஐயா இந்த ஒரு கணக்கைத்தான் கேட்டுக்கிட்டு வாராக, வாத்தியாரே," என்றான் ஒச்சாண்டி. "சரியான விடை இங்கனதான் கிடைச்சிருக்கு."