ஏழு வருஷப் பூட்டு

எனக்குப் பொறாமையே கிடையாது என்று எந்தப் பெண்ணாவது சொன்னால், அவளுக்கு ஓரகத்தி இல்லை என்று அர்த்தம். எனக்கு ஒருத்தி இருக்கிறாள். பெயர் செல்வராணி, என் கொழுந்தனார் மனைவி. பத்தாவது வரை படித்தவள். நான் மூன்றாவதோடு நின்றவள். (நின்றேன் என்ன நின்றேன், வாத்தியார் நிறுத்தினார்.) அவள் பெயரைக் கேட்டாலே இன்றைக்கும் என் வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டுவது போல இருக்கும். அந்த அடுப்பில் நானே போய் உட்கார்ந்த கதை இது.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து கப்பலில் வரும் சாமான்களைப் போர்ட் பிளேயரில் இறக்கி, லாரியில் ஏற்றி, அந்தமானின் வடகோடியில் இருக்கும் எங்கள் மாயாபந்தருக்குக் கொண்டுவந்து உரியவரிடம் சேர்க்கும் பார்சல் ஏஜென்சி. அண்ணனும் தம்பியும் சேர்ந்து தொடங்கியது. பிற்பாடு பிரித்துக்கொண்டார்கள். போர்ட் பிளேயர் ஆபீஸ் தம்பிக்கு, அதாவது செல்வராணிக்கு. மாயாபந்தர் படகுத்துறையை ஒட்டிய ஜெட்டி ரோட்டு ஆபீஸ் எங்களுக்கு. என் வீட்டுக்காரர் போன பிறகு அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். இன்றுவரை எழுந்திருக்கவில்லை. என் மகன் சரவணன்கூட எதிரே ஸ்டூலில்தான்.

ஒவ்வொரு பார்சலும் வந்து இறங்கியதும் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுவோம். நனைந்ததா, உடைந்ததா, எங்கே உடைந்தது என்று பின்னால் சண்டை வருமே, அதற்கு. போட்டோக்கள் எல்லாம் ஆபீஸில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போய்ச் சேரும். அதைத்தான் ஃபைல் ஸ்டோரேஜ் என்கிறார்கள். பீரோவுக்குள் தட்டு, தட்டுக்குள் டப்பா என்பது போல ஃபோல்டருக்குள் ஃபோல்டர். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் என்பதால் சரவணன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்திருந்தான். பச்சைக்குள் போய் இரண்டாவது வரிசையில் மூன்றாவது மஞ்சளைத் திறந்தால், போன பொங்கலுக்கு வந்த டாக்டர் வீட்டு ஃப்ரிட்ஜ். கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். படித்தவர்கள் பெயரைத் தேடுவார்கள், நான் இடத்தைத் தேடுவேன்.

அந்தப் பெட்டி ஒருநாள் நிறைந்துவிட்டது. கடல்காற்றில் அதன் விசிறியும் துருப்பிடித்து இருமத் தொடங்கியது. ஒரு போட்டோ திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். சரியாக அந்த நேரம் பார்த்து, எங்கள் பக்கத்துக் கடற்கரையில் புதிதாக ரிசார்ட் கட்டுகிறவர்கள் ஒரு சேதி அனுப்பினார்கள். வருஷம் முழுக்கச் சாமான் வரும். போர்ட் பிளேயரிலிருந்து மாயாபந்தர் வரை மொத்த வழிக்கும் ஒரே ஏஜென்சிதான் பொறுப்பேற்க வேண்டும். யாருடைய ரெக்கார்டு சுத்தமோ அவர்களுக்கு. அதாவது செல்வராணி அல்லது நான். அவளுக்குக் கிடைத்தால் ஜெட்டி ரோட்டில், என் ஆபீஸுக்கு எதிரிலேயே, அவள் போர்டு தொங்கும். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவள் பெயரில்தான் முழிக்க வேண்டும்.

சரவணன் போர்ட் பிளேயரிலிருந்து லலிதாவை வரவழைத்தான். தெலுங்கு வீட்டுப் பெண், கம்ப்யூட்டர் வேலையில் கெட்டிக்காரி.

"ஆன்ட்டி, ரெண்டு வழி இருக்கு," என்றாள். "ஒண்ணு, இதே மாதிரி இன்னும் பெரிய பெட்டி. இன்னொண்ணு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ். அதுல தட்டு கிடையாது, டப்பா கிடையாது. எல்லாம் ஒரே கோடௌன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டு கட்டி உள்ள அனுப்பிடணும். எங்க கிடக்குன்னு கவலையே வேணாம், சீட்டுல உள்ளதைச் சொன்னா வந்துடும். எவ்வளவு போட்டாலும் நிறையாது."

"எது நல்லது?"

"உங்களுக்கு ரெண்டும் வேணும். போட்டோ எடுத்தா எடுத்ததுதான், மாறாது. அது ஆப்ஜெக்ட்ல போகட்டும். தினசரி புக்கிங் லிஸ்ட்டை நாள் பூரா திருத்துறீங்க இல்ல, அது ஃபைல் பெட்டியிலயே இருக்கட்டும். ஆப்ஜெக்ட்ல ஒரே ஒரு எழுத்தைத் திருத்தணும்னாலும் முழுசையும் புதுசா அனுப்பணும்."

இவ்வளவு நல்ல புத்தி சொன்னவளிடம் நான் கேட்ட அடுத்த கேள்வி, "செல்வராணி எதுல வச்சிருக்கா?"

லலிதா தயங்கினாள். அங்கேயும் கம்ப்யூட்டர் பார்ப்பது அவள்தான். "அவங்க போட்டோ எல்லாம் ஆப்ஜெக்ட்ல போட்டாச்சு. போன மாசமே."

போன மாசமே! முந்தின நாள்தான் போனில் அரைமணி நேரம் மாங்காய் ஊறுகாய்க்குப் பக்குவம் கேட்டாள். இதைப் பற்றி மூச்சு விட்டாளா?

"எனக்கு எல்லாத்தையும் அதுலயே போடு. லிஸ்ட்டையும்."

"அம்மா, லிஸ்ட் வேணாம்னு அவங்கதான் சொல்றாங்களே," என்றான் சரவணன்.

"அவ பாதி போட்டா நான் முழுசும் போடுவேன்."

அப்புறம் பூட்டு. யாரும் அழிக்காமல் இருக்க ஒரு பூட்டு போடலாமாம். சொன்ன தேதி வரும்வரை, போட்டவராலேயே திறக்க முடியாதாம்.

"அவ எத்தனை வருஷம் போட்டிருக்கா?"

"மூணு, ஆன்ட்டி."

"எனக்கு ஏழு."

"சோச் லோ ஆன்ட்டி, நல்லா யோசிச்சுக்கோங்க. அப்புறம் நானே வந்து அழுதாலும் திறக்காது."

"ஏழு போடும்மா." (பத்து என்று சொல்லத்தான் வாய் வந்தது. பெருந்தன்மையாக ஏழோடு விட்டேன்.)

ஒரே வாரத்தில் லிஸ்ட் பல்லிளித்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு முழு லிஸ்ட் பிறந்து, ஒரே நாளுக்கு நாற்பது லிஸ்ட் வரிசையில் நின்றது. லாரி டிரைவர் எதையோ ஒன்றை எடுத்துக்கொண்டு போக, மாயாபந்தர் வரவேண்டிய தண்ணீர் டேங்க் பாதி வழியில் ரங்கத் ஊரிலேயே இறங்கி, யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடிக்கே ஏறிவிட்டது. சரவணன் சத்தம் போடாமல் லிஸ்ட்டைப் பழைய பெட்டிக்கே கொண்டுபோனான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது போட்டோவுக்குச் சீட்டு கட்டும் வேலை. டைப் அடிப்பது எனக்கு ஆகாது என்பதால், நான் போனில் பேசினால் அதுவே பெயராகிவிடும்படி லலிதா செய்து கொடுத்தாள். திரும்பத் தேடும்போது கம்ப்யூட்டரே அந்தப் பெயரை வாசித்துக் காட்டும். தேன் ஒழுகுகிற ஒரு பெண்குரல். "தேதி, அனுப்பினவர், சாமான். இந்த மூணு மட்டும் சொல்லுங்க ஆன்ட்டி, வேற ஒண்ணும் வேணாம்," என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

இரண்டு நாள் அப்படியே சொன்னேன். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. தேதியை வைத்தா மனுஷரை ஞாபகம் வைப்பார்கள்? "சிரிக்கவே சிரிக்காத ஹெட்மாஸ்டர் வீட்டு சைக்கிள்" என்று சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு ருசியாக இருந்தது. ரிசார்ட் மேனேஜர் பிஸ்வாஸ், பெரிய கண்ணாடிக்காரர், "சோடாபுட்டி" ஆனார். போர்ட் பிளேயரிலிருந்து வந்த பார்சல்களை அனுப்பியவள் செல்வராணி. அந்தப் பெயரைத் தினம் முப்பது தடவை என் வாயால் ஏன் சொல்ல வேண்டும்? "மினுக்கி" என்று வைத்தேன். வயிற்று அடுப்பு கொஞ்சம் தணிந்தது.

மூன்று மாசம் கழித்து பிஸ்வாஸ் ரெக்கார்டு பார்க்க வந்தார். அவர் காரிலேயே, முன்சீட்டில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செல்வராணியும் வந்து இறங்கினாள். நான் தலைக்குப் பூ வைத்து, நல்ல புடவை கட்டி, கம்ப்யூட்டருக்குக்கூட ஒரு பொட்டு வைத்திருந்தேன். சரவணன் ஜெட்டியில் சாமான் இறக்கப் போயிருந்தான். போகும்போது, "நான் வர்றவரைக்கும் ஒண்ணையும் தொடாதீங்கம்மா," என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

பிஸ்வாஸ் உட்கார்ந்ததும் கேட்டார். "சோதனைக்குப் பன்னெண்டு வாஷ்பேசின் அனுப்பினோம். ஒண்ணு விரிசல். எந்த இடத்துல ஆச்சு?"

செல்வராணி கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ தட்டினாள். பன்னிரண்டு பெட்டி, வரிசையாக, சுத்தமாக. "என் ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது எல்லாம் நல்லா இருக்கு சார். பெட்டியில ஒரு கீறல் இல்லை."

அந்த நிதானம்! அந்த விரல் அசைவு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரவணனாவது ஒண்ணாவது. "எங்ககிட்ட வாயால கேட்டாலே போதும் சார்," என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்து, "வாஷ்பேசின்!" என்று அதட்டினேன்.

தேன்குரல் ஆரம்பித்தது. "மினுக்கி அனுப்பின வாஷ்பேசின், ஒண்ணு. மினுக்கி அனுப்பின வாஷ்பேசின், ரெண்டு."

செல்வராணி தலையை நிமிர்த்தினாள். "மினுக்கி யாரு, அக்கா?"

"அது... ஒரு கம்பெனி."

"சோடாபுட்டி போன் பண்ணிப் பண்ணி உயிரை எடுத்த வாஷ்பேசின், மூணு," என்றது குரல்.

பிஸ்வாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வங்காளிதான்; ஆனால் மாயாபந்தரிலேயே தமிழ் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். இது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியவில்லை.

எதை அமுக்கினால் நிற்கும் என்று நான் கற்றுக்கொள்ளவே இல்லை. ஸ்பீக்கரைக் கையால் பொத்தினேன். குரல் விரலிடுக்கில் வந்தது. தூக்கி மடியில் வைத்து முந்தானையால் மூடினேன். என் வயிற்றுக்குள்ளிருந்தே வருவது போல, இன்னும் தெளிவாக வந்தது. "மினுக்கி அனுப்பின வாஷ்பேசின், ஏழு. மேலே அவளை மாதிரியே பளபளப்பு. அடியில விரல் நீளத்துக்கு விரிசல். அவ கண்ணுக்கு எப்படித் தெரியும், கறுப்புக் கண்ணாடி போட்டு மினுக்கிக்கிட்டு நிப்பா."

வெளியே லாரி ஹாரன்கூட அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

"ஏழாம் நம்பர் போட்டோவைக் காட்டுங்க," என்றார் பிஸ்வாஸ். காட்டினேன். வந்து இறங்கிய அன்றே எடுத்தது. பெட்டியைத் திறந்து, வைக்கோலை விலக்கி, பேசினைக் கவிழ்த்து, விரிசலுக்குப் பக்கத்தில் என் விரலையே அளவுக்கு வைத்து எடுத்த போட்டோ. வைக்கோல் கலையவே இல்லை, பெட்டியில் அடிபட்ட தடம் இல்லை. பேசின் பெட்டிக்குள் போகும் முன்பே விரிசல் இருந்திருக்கிறது.

"பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லி நாங்க கேக்கலையே?"

நான் என்ன சொல்வேன்? அவள் அனுப்பியதில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தேன் என்றா? முந்தானைக்குள் ஸ்பீக்கரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் செல்வராணி சிரித்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "சார், தப்பு என் பக்கம்தான். நான் பெட்டியைத்தானே பார்த்தேன், உள்ள பார்க்கலை. என் சாமானை இவ்வளவு உத்துப் பார்க்கறவங்க இந்தத் தீவுல வேற யாரு கிடைப்பா? எங்க அக்காவே மாயாபந்தரைப் பார்த்துக்கட்டும். நான் போர்ட் பிளேயர். ரெண்டு பேரும் சேர்ந்து பொறுப்பு ஏத்துக்கறோம், போதுமா?"

"அச்சா. ஆனா அந்தச் சோடாபுட்டியை மட்டும் மாத்திடுங்கம்மா," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் பிஸ்வாஸ்.

என் ஜெட்டி ரோடு எனக்கே நின்றது. எதிரில் போர்டு தொங்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அதைக் காப்பாற்றிக் கொடுத்தது யார்? அவள்! பெருந்தன்மையிலும் அவளே முதல் மார்க். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

லலிதாவுக்குப் போன் போட்டேன். "பேரை மாத்த முடியாது ஆன்ட்டி. நல்ல பேர்ல இன்னொரு காப்பி வேணா போடலாம். பழசு ஏழு வருஷம் அங்கயேதான் இருக்கும். நீங்கதானே கேட்டீங்க?"

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. போர்ட் பிளேயரிலிருந்து வரும் ஒவ்வொரு பார்சலிலும் இப்போது அனுப்புநர் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் "மினுக்கி" என்றே அச்சடித்து அனுப்புகிறாள் அந்தப் பாதகத்தி. எழுத்துக்கூட்டாமலே நான் படிக்கும் ஒரே வார்த்தை அதுதான். லாரி வந்தால் ஜெட்டியில் ஆட்கள், "மினுக்கி கா மால் ஆ கயா!" என்று, மினுக்கி சரக்கு வந்தாச்சாம், இந்தியில் கத்துகிறார்கள். வீட்டில் சாவி தொலைந்தாலும் சரவணன் அந்தத் தேன்குரலில், "மினுக்கி அனுப்பின சாவி, ஏழு," என்று ஆரம்பித்துவிடுகிறான். நான் வைத்த வசவு, அவளுக்குப் பட்டமாகிவிட்டது.

போன மாதம் லலிதா வந்தபோது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. அவ பூட்டுக்குள்ள எனக்கு என்ன பேரு வச்சிருக்கா?"

"ஒரு பேரும் இல்லை ஆன்ட்டி. தேதி, அனுப்பினவர், சாமான். அவ்வளவுதான்."

ஒன்றுகூடவா இல்லை? இத்தனை வருஷத்தில், என்னைத் திட்டி ஒரே ஒரு சீட்டு? அந்த அளவுக்குக்கூட அவள் என்னை நினைக்கவில்லையா?

என் பூட்டு திறக்க இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. அதற்குள் அவள் வாயால் எனக்கும் ஒரு பெயர் வாங்காமல் விடுவதாக இல்லை.